பாம்புக்கு விரித்த ஈரப் படுக்கை

இந்த ஊரில் பாம்புக்குப் படுக்கை விற்கிறார்கள். பிரேமன் நகரத்துக் கடையொன்றில் சுவர் நீளத்துக்கு மூட்டைகள்: தேங்காய் நார், மணல், மரச்சீவல். இந்தப் படுக்கைக்கு ஜெர்மனில் 'ஐன்ஷ்ட்ராய்' என்று பெயர். மகள் யாழினி உயிராய் வளர்க்கும் செம்மஞ்சள் கார்ன் ஸ்நேக்குக்கு மரச்சீவல்தான் தோது என்றார் கடைக்காரர். எங்கள் ஊர் திருத்தங்கலில் பாம்பைக் கண்டால் கம்பு தேடியவன், இங்கே அதற்கு மெத்தை சுமந்துகொண்டு டிராம் ஏறினேன்.

கண்ணாடிப் பெட்டியில் கொட்டியதும் தூசி கிளம்பியது. வீடியோ அழைப்பில் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். இறந்துபோன என் அக்காவின் கணவர். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன மாப்ளே, இம்புட்டு தூசி பறக்கு? தண்ணி தெளிச்சு விடும்யா. பிள்ள பக்கத்துல நிக்கால்ல?"

அவர் சொல்லாவிட்டாலும் தெளித்திருப்பேன். இரண்டு சீசன் நானும் அக்காவோடு அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவன். காலையில் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை தரையை நனைப்பது. காய்ந்த தரையில் மருந்துத் தூள் உரசினால் போதும், வெடித்துவிடும். ஒரு சித்திரையில் ஆர்டர் நெருக்கியது; தரையை அப்புறம் நனைக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அக்காவை வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குத்தான்.

அதிலிருந்து காய்ந்த தூளைக் கண்டால் என் கை தண்ணீரைத் தேடும். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பெட்டிக்குள் தெளித்தேன். சீவல் கறுத்துப் புளித்த வாடை அடித்தது. பாம்பின் அடிவயிறெங்கும் கொப்புளம். இரையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏன் நனைத்தீர்கள்?" என்று கேட்டார் கால்நடை மருத்துவரம்மா.

"தூசிக்காக."

"உங்கள் ஊரில் எப்போதும் மழையோ?" கனிவாகத்தான் கேட்டார்.

மழை பொய்த்த பூமி என்பதால்தானே எங்கள் பக்கம் பட்டாசே வந்தது. அதையும் அக்காவையும் சொல்லுமளவுக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை. ஆமென்று தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் யாழினி பாம்பு இருந்த கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டு வாசலில்தான் கேட்டாள்: "பொழைச்சிருமாப்பா?"

"தெரியலம்மா."

இப்போது பெட்டிக்குள் வெறும் செய்தித்தாள். ஈரமே ஆகாது என்று உத்தரவு. கண்ணாடியில் யாழினி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். ஜெர்மனிலேயே எழுதிப் பழகிய பிள்ளை, எனக்காகக் கோணல்மாணலான தமிழில் எழுதியிருக்கிறாள்: 'அப்பா, தண்ணி வேண்டாம்.'

இன்று காலையும் செம்பும் தண்ணீருமாகத்தான் அங்கே போய் நின்றேன். உள்ளே காய்ந்த தாள் சரசரத்தது. பாம்பு உயிரோடிருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். எனக்கோ அது காய்ந்த தரையில் மருந்துத் தூள் உரசுவதுபோலவே கேட்டது. வேலைக்கு நேரமாகியும், செம்பைக் கீழே வைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.