சமோவார் மெருகு போட்ட ஸ்பிரிங்

கொச்கோர் ஊரின் பஸ் பணிமனையில் ஒரு ஜின் பூதத்தைப் பிடித்து இரும்புச் சட்டத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. எப்போதாவது தானாகக் கத்துமாம். அந்தக் கத்தலைக் கேட்ட ஆணுக்கு ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கூடாதாம். பின்பாதி, பெண் கிடைக்காத மெக்கானிக்குகள் யாராவது சேர்த்ததாக இருக்கலாம்.

போய்ப் பார்த்தால் சட்டம் இருப்பது நிஜம். அதற்குள் நன்றாக நசுக்கிப் பூட்டிய ஒரு ஸ்பிரிங், புதுத் தேக்கரண்டி மாதிரி மின்னிக்கொண்டு. சுற்றிலும் மண்மூட்டைகள். ஆட்கள் விலகி நடக்கிறார்கள். மேலாளர் மட்டும் தனக்குப் பயமில்லை என்று காட்ட அதன் பக்கமாகவே போகிறார், கொஞ்சம் ஓட்டமாக.

"ஜின்னா? ஜிபார்குலைக் கேளுங்க. அடைச்சது அவங்கதான்" என்றார்கள்.

ஜிபார்குலின் உத்தியோகமே பயப்படுவதுதான். பஸ்களிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகள் அவள் மேஜைக்கு வரும். கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிக் காது கொடுப்பாள். முழுக்க அழுத்தி விட்டுவிட்டு, பழைய உயரத்துக்கு வருகிறதா என்று அளப்பாள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி பூசுவாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே போன எண்ணெய் கசிந்து கறுப்புக் கோடாக எழும்பும். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் முயல். அவள் கோபித்துக்கொண்டதில்லை. தலைமுடி நரைத்த பிறகும் முயலின் காது முயலுக்கு இருந்தது.

வம்பு அவள் மகள் கனிஷாயின் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சோரோன்பாய் சொந்தமாக மினிபஸ் ஓட்டுகிறவர். பெண்ணை அழைத்துப்போக வருமுன், முன்சக்கர ஸ்பிரிங் இரண்டையும் சம்பந்தியம்மாளிடமே காட்டினார். ஜிபார்குல் தட்டினாள், அளந்தாள், சுண்ணாம்பு பூசினாள். "குறையே இல்ல, மாட்டுங்க" என்றாள்.

அவர் அப்படியே மாட்டியிருக்கலாம். கல்யாண வண்டி ஆயிற்றே, அடியும் மின்ன வேண்டாமா? வழியில், டீ கொதிக்கவைக்கும் சமோவார்களுக்கு நிக்கல் முலாம் பூசும் அப்லிஸ் என்பவனின் கடை இருந்தது; அங்கே கொடுத்துவிட்டார்.

அழைப்பு நாள் காலையில் மினிபஸ் வாசலுக்கு வந்து நின்றது. சக்கரத்துக்கு மேலே பளிச்சென்று ஏதோ கண்ணில் அடித்ததும் ஜிபார்குல் குனிந்தாள். நிமிர முடியவில்லை.

"என்ன சம்பந்தியம்மா, உங்க முகம் தெரியுதா அதுல?" என்றார் சோரோன்பாய்.

"அமிலத்துல ஊறப் போட்டானா?"

"அழுக்குப் போகணும்ல? குளிக்காம யாராவது கல்யாணத்துக்கு வருவாங்களா?"

"பூசின கையோட உலையில வச்சு ராத்திரி பூரா சுட்டானா?"

"சுடறதா! ஸ்பிரிங் என்ன ரொட்டியா?"

செம்புச் சமோவாரை அமிலம் ஒன்றும் செய்யாது. ஸ்பிரிங் எஃகு அப்படியில்லை. அமிலத்தில் கிடக்கும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் அதற்குள் புகுந்துகொள்ளும். உடனே சுட்டால் வெளியே போகும். சுடாவிட்டால் உள்ளே இருந்தபடி எஃகை நொறுங்கும்படி ஆக்கிவிடும். தட்டினால் நல்ல சத்தமே வரும், அளந்தால் உயரம் சரியாகவே இருக்கும், விரிசல் விழுந்தாலும் முலாம் மூடிக்கொள்ளும். பாரத்தைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கையில், ஒரு நேரம், கண்ணாடி மாதிரித் தெறிக்கும். எந்த நேரம் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில், தோலோன் கணவாயின் வளைவில், பாதாளத்துப் பக்கம் சாயும்போதாகவும் இருக்கலாம்.

"இந்த வண்டியில பொண்ணை ஏத்தாதீங்க" என்று கிசுகிசுத்தாள்.

"நீங்கதானே குறையில்லன்னீங்க? ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. என் வண்டி கண்டம்னா என் குடும்பமும் கண்டமா?"

அதற்கு மேல் பெண்ணைப் பெற்றவள் வாய் திறந்தால் கல்யாணமே நின்றுவிடும். ஜிபார்குல் வாயை மூடிக்கொண்டு கையைத் திறந்தாள்.

"சீரை ஏத்துங்க!"

மெத்தைகள் ஏறின, கம்பள விரிப்புகள் ஏறின, பெட்டிகள் ஏறின. தையல் மெஷின், மாவுமூட்டைகள், கடைசியில் அவள் வீட்டு இரும்பு அடுப்பும் ஏறியது.

"அம்மா, நீ எதுல சமைப்ப?" என்றாள் கனிஷாய்.

"நீ போனப்புறம் எனக்கு எதுக்குடி அடுப்பு?"

ஏற்றிய சீரை இறக்குவது அந்த ஊரில் ஆகாது. மினிபஸ்ஸில் ஒரு பூனை உட்காரவும் இடமில்லை. மணப்பெண்ணும் அத்தைகளும் பக்கத்து வீட்டுக் காரில் முதலிலேயே கிளம்பிப் போனார்கள். சோரோன்பாய் மீசையைத் தடவிக்கொண்டார். இவ்வளவு சீர் அவர் குடும்பத்துக்கு வந்ததே இல்லை.

ஜிபார்குல் மூச்சு விட்டாள். பாதி மூச்சு வெளியே வந்தபோது கண்ணில் பட்டது: மினிபஸ்ஸின் முன்பக்கம் தாழ்ந்து, மின்னும் சுருள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருந்தன. மகளைக் காப்பாற்றப் போய், மகளின் மாமனார் தலையில் அடுப்பை ஏற்றிவிட்டாள்.

பெண்ணைப் பெற்றவள் அழைப்பு வண்டியில் போகிற வழக்கம் அங்கே கிடையாது. முயல் ஓடிப்போய் முன்சீட்டில், ஒரு மாவுமூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"இறங்குங்க சம்பந்தியம்மா, சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். மெதுவா ஓட்டுங்க."

வழி நெடுக அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் சீட்டின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. கணவாய் ஏற்றத்துக்கு முன்னால் சாரி-புலாக் ஊரின் டீக்கடைகள் வந்ததும் "டீ குடிக்கணும்" என்றாள்.

ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். சோரோன்பாய் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க குடிக்கிறதப் பாத்தா ஒரு சமோவார் பத்தாது போலிருக்கே."

"வண்டி நிக்கட்டும். உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், பொழுது சாயற வரைக்கும் நிக்கட்டும், ஸ்பிரிங் உடையறதா இருந்தா இங்கயே உடையட்டும்."

"பயந்தே செத்துருவீங்க!" என்று எழுந்தவர் வண்டியை நோக்கி நடந்தார். ஜிபார்குல் சால்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள்.

கேட்டது வேறு சத்தம். துப்பாக்கி வெடித்தது போல் ஒன்று.

சால்வையை விலக்கப் பயமாக இருந்தது. காலடி ஓடிவந்தது.

"சுயுன்சு! சம்பந்தியம்மா, சுயுன்சு!"

நல்ல சேதி கொண்டுவருகிறவர் அப்படித்தான் கத்துவார். கேட்டவர் அவருக்குப் பரிசு கொடுத்தே தீர வேண்டும்.

சோரோன்பாயின் மீசை ஆடிக்கொண்டிருந்தது. "உடைஞ்சிருச்சு! கதவுல கை வைக்கல... தொடவே இல்ல... தானா!" அவருக்குப் பின்னால் மினிபஸ் ஒட்டகம் மாதிரி இடது முழங்காலை மடக்கியிருந்தது. உள்ளே அடுப்பு சரிந்து, அவர் உட்காரும் சீட்டின் முதுகை நசுக்கியிருந்தது.

அவர் டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். மெல்லிய குரலில், "பரிசா ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பி போதும்" என்றார்.

"இடது பக்கம்தானே உடைஞ்சுது? வலது இன்னும் இருக்கே. பாதிச் சேதிக்கு யாராவது தொப்பி கொடுப்பாங்களா? அதுவும் உடையட்டும், தரேன்."

அந்த வலது ஸ்பிரிங்தான் இப்போது பணிமனைச் சட்டத்தில் நசுங்கி நிற்கிறது. கனிஷாய்க்குக் குழந்தை பிறந்து தவழவும் ஆரம்பித்துவிட்டது. ஸ்பிரிங் இன்னும் உடையவில்லை. நாளைக்கு உடையலாம், உடையாமலே போகலாம். ஜிபார்குல் தினமும் காலையில் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேஜைக்குப் போகிறாள். சோரோன்பாய் வாரத்துக்கு ஒருமுறை வெறுந்தலையோடு வந்து வாசலிலேயே நின்று கேட்கிறார்:

"சம்பந்தியம்மா, என் தொப்பி?"