மிளகோடு காய்ந்த மடிக்கணினி

அப்டேட் செய்யட்டுமா என்று அந்த மடிக்கணினி பதினைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் மனைவியும் பதினைந்து நாளாக ‘பிறகு’ என்றே அழுத்திவந்தாள். சோலைக்காட்டுப் பாசிகளைப் பற்றிய அவளுடைய ஆறு வருட ஆய்வேடு அதற்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். திங்களன்று அவள் குளிக்கப் போன நேரத்தில், உதவுகிறேன் பேர்வழி என்று நான் ‘சரி’யை அழுத்தினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பாதியில் கரண்ட் போனது. பேட்டரி செத்து ஒரு வருடமாகியிருந்தது.

அதிலிருந்து, திறந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் திரை நீலமாகி அணைந்துவிடும். பென் டிரைவைச் செருகினால் அதைக் கண்டுகொள்வதற்குள் விழுந்துவிடும். கடைசி அத்தியாயத்துக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

“தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?” என்று கேட்டவள், பவர் பட்டனை மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரத்தில் எது கெட்டாலும் காரணம் ஈரம்தான். உப்பு கசிந்தாலும் ஈரம், முழங்கால் வலித்தாலும் ஈரம். பக்கத்து வீட்டு அக்கா அரிசி டிரம்முக்குள் புதைக்கச் சொன்னார். ஒரு பகல் முழுக்கப் புதைத்து வைத்தேன். எடுத்தபோது உள்ளே நாலு அரிசி போயிருந்தது. நீலத் திரை போகவில்லை.

புதனன்று, மலைச்சரிவில் கீழே இருக்கும் பெரும்பாறையிலிருந்து மாமனார் போன் செய்தார். அங்கே காப்பியும் மிளகும் பயிரிடுகிறவர்.

“ஈரந்தான் மாப்ள அது. வெரசா கீழ கொண்டாங்க. ஒரு வெயிலு காட்டுனாச் சரியாப் போகும்.”

சிரித்திருக்க வேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் ஏறிவிட்டோம். மடிக்கணினியை அவளுடைய ஸ்வெட்டரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

களத்தில் காய்ந்த மிளகை ஒதுக்கி, சாக்கு விரித்து, மாமனார் மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்தார். மிளகைக் கிளறும்போதெல்லாம் அதையும் ஒருமுறை திருப்பிப் போட்டார். மதியம் எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

“சலசலங்குது பாருங்க. நல்லாக் காஞ்சிருச்சு.”

சலசலத்தது அரிசி என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து மாட்டினோம். ஒரு நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. அரைமணி நேரம் ஆகியும் அது விழவில்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, மிளகுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அங்கே செல்போன் சிக்னலுக்கே களத்து மூலையில் ஒரு கல்மேல் ஏற வேண்டும். ஏறி, திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அங்க நெட் இருக்குங்களா?”

“இல்லைங்க.”

“அதான் சார். நெட் கெடைச்சதும் பாதில நின்ன அப்டேட்ட முடிக்கப் போயித்தான் விழுகுது. வீட்லயே வைஃபைய அமத்தியிருந்தாப் போதுமே!”

இறங்கினேன். மாமனார் வேலையாட்களிடம் வெயிலின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாரு மாப்ள?”

“ஈரந்தானாம் மாமா.”

வெள்ளிக்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்த பிரதியில்தான் நன்றியுரையைப் பார்த்தேன். அப்பாவுக்கு நன்றி, பெரும்பாறை வெயிலுக்கு நன்றி; கடைசியில், ‘இனி என் கணினியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த என் கணவருக்கும்.’

அப்படி எந்தச் சத்தியமும் நான் செய்யவில்லை. ஆனால் அச்சில் வந்துவிட்டது.