டிக்கியில் செத்த பாக்டீரியா

சந்தாபுராவில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் மேரி அக்கா மூன்றாவது முறையாக என்னைக் கூப்பிட்டபோது எரிச்சலாகத்தான் கிளம்பிப் போனேன். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் நஞ்சு இருக்கும். அதைக் கோழியின் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் நல்ல பாக்டீரியாப் பொடியை விற்பது என் வேலை. ஒரு மாதமாகத் தீவனத்தில் அதைக் கலந்தும் அவருடைய கோழிகள் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன.

“நீங்க சரியான அளவுல கலக்கல, அக்கா,” என்றேன். முந்தைய இரண்டு முறையும் இதையேதான் சொல்லியிருந்தேன்.

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. புதுப் பொட்டலம் எடுக்க நான் கார் டிக்கியைத் திறந்தபோது பின்னாலேயே வந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது.

“சார், இது உயிரோட இருக்கிற பொருள்னுதானே சொன்னீங்க? எத்தன நாளா வெயில்ல வச்சிருக்கீங்க?”

கோடை தொடங்கியதிலிருந்தே அங்கேதான் கிடந்தது. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருந்தது. அவருக்குக் கொடுத்ததெல்லாம் அதிலிருந்துதான்.

“தப்பு என்னோடதுக்கா.”

அவர் டிக்கியில் கிடந்த மற்ற பொட்டலங்களையும் பார்த்தார். பிறகு, “அத்திபெலே பக்கம் மத்தவங்களுக்கும் இதத்தான் குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

கொடுத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பண்ணையாகப் போய், நடந்ததைச் சொல்லி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோன புதுப் பொடியைக் கொடுத்தேன். சிலர் முகத்துக்கு நேராகத் திட்டினார்கள்.

பொடி கெட்டது என் அலட்சியம். ஆனால் செத்த கோழிகளை அள்ளிக்கொண்டிருந்தவரிடமே மூன்று முறையும் குற்றம் கண்டேனே, அதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.