பால் பல்லுக்கு ஒரு மனு

நான் குடிநீர்ப் பிரிவில் அதிகாரியாக இருந்தபோது, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் ஒருவர் மனுவோடு வந்தார். நெட்டையான பெண்மணி, யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். “வெத்தலையக் குறைங்க சார்” என்றுதான் என்னிடம் பேச்சையே தொடங்கினார்.

ஆழ்குழாய்த் தண்ணீர் குடிக்கும் மையத்துக் குழந்தைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்பும் விழுகின்றன, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார்.

“எல்லாம் பால் பல்லுதானேம்மா, விழுந்துடும்” என்று முறைப்படி கோப்பை மூடப் போனேன்.

“விழுந்துடும் சார். உள்ள வளர்ற பல்லும் இதே தண்ணியத்தானே குடிக்குது?”

மூடப் போன கோப்பைத் திரும்பத் திறந்தேன். தண்ணீர் மாதிரி எடுக்க ஆள் அனுப்பினேன். என் பணிக்காலத்தில் மனு வந்த அன்றே நடந்த வேலை அது ஒன்றுதான்.