துப்பல் பட்ட முகம்

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்யும் ஸ்ரெல்லா, ஆட்கள் குறைந்த மத்தியானங்களில் பென்சிலால் படம் கீறுவாள். யாரிடமும் கீறப் பழகியதில்லை. மருந்துக்குக் காத்திருப்பவர்களின் முகங்கள், தூங்கிவிழும் கிழவர்கள், தாய்மாரின் தோளில் காய்ச்சலோடு சரிந்த பிள்ளைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கீறுவாள்.

அவள் கவனமெடுத்துக் கீறியது அம்மாவைத்தான். புற்றுநோய் முற்றி, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போட்டோ எடுக்கப் போனபோது அம்மா கையால் முகத்தை மறைத்தாள்.

"இந்தக் கோலத்திலை போட்டோ எடுக்காதை பிள்ளை. கீறு. கீறினால் நீ என்னைக் கொஞ்சம் வடிவாக்குவாய்."

ஸ்ரெல்லா வடிவாக்கவில்லை. உள்ளதை உள்ளபடியே கீறினாள். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த முகத்தையும் கீறினாள். அம்மா போன பிறகு, கடலுக்குப் போவதை விட்டுவிட்ட அப்பா எமில்ராஜ் அந்தப் படங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

தலையிடி மாத்திரை வாங்க வந்த கொலின்ஸ், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த படமொன்றைக் கண்டான். அவன் சினிமா எடுப்பவன். படம் கீற ஆசைப்படும் ஒரு சிறுமியையும் அதை வெறுக்கும் தகப்பனையும் பற்றிக் குடும்பப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கலையைக் கொண்டாடுற படம். அந்தப் பிள்ளையின்ரை அறைச் சுவரிலை தொங்கவிட உங்கடை படங்கள் வேணும். கொப்பி அடிச்சுத் தொங்கவிட்டால் கமராவிலை பிடிபட்டிடும்."

அவன் வீட்டுக்கும் வந்தான். அம்மாவின் படங்களைக் கண்டதும் கை கூப்பினான். கண்கூடக் கலங்கியது. ஸ்ரெல்லா நம்பினாள்.

"பத்திரமாய்த் தருவியோ தம்பி?"

"ஓம் அக்கா. என்ரை அம்மா மாதிரி வைச்சிருப்பன்."

படப்பிடிப்பு முடிந்தும் அவள் கீறிய படங்கள் திரும்பி வரவில்லை. எடிட்டிங் முடியட்டும் என்றான். பிறகு, திரையிடும் நாளில் கையோடு தருகிறேன் என்றான்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பிரதம விருந்தினர், பிள்ளைகளின் கற்பனையை நசுக்காதீர்கள் என்று நெடுநேரம் பேசினார். ஸ்ரெல்லா அப்பாவோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். திரையில் சுவர் தெரிந்தது. சுவரில் அம்மா.

"அங்கை பாருங்கோ அப்பா," என்றாள் மெதுவாக. அவர் தலையை ஆட்டினார்.

பாதிப் படம் போனதும் குடிவெறியில் தகப்பன் வேடக்காரன் அறைக்குள் வந்தான். சுவரில் இருந்த தாள்களைப் பிய்த்தான். ஒன்றை விரித்து, வெற்றிலை குதப்பிய வாயால் அதன்மேல் காறித் துப்பினான். திரை முழுக்க அம்மாவின் முகம். சிவந்த எச்சில் கண்ணிலிருந்து வாய்க்கு வழிந்தது. கமரா அதைவிட்டு நகரவேயில்லை. பிறகு தாள்களைக் கிழித்து முற்றத்தில் போட்டு நெருப்பு வைத்தான். சிறுமி கதறினாள். வயலின் அழுதது. சுற்றியிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

எமில்ராஜ் எழுந்து நின்றார்.

"டேய்! அது என்ரை மனிசியடா!"

"ஐயா, இருங்கோ. மறைக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பாவம், படத்திலை ஒன்றிப் போனார்," என்றது இன்னொன்று.

ஸ்ரெல்லா எழுந்தாள். அப்பாவை வெளியே கூட்டிவந்து, மதிலோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். பின்னால் ஓடிவந்த கொலின்சிடமிருந்து வாசனைத் தைலம் கமகமத்தது. அவள் தள்ளி நின்றாள்.

"அக்கா, சொல்லத்தான் நினைச்சனான். வெறுந்தாளைக் கிழிச்சால் அந்த உணர்ச்சி வராது. இப்ப பாருங்கோ, எத்தனை பேர் அழுகினம்! உங்கடை அம்மா உலகம் முழுக்கப் போகப் போறா."

"எச்சிலோடையோ?"

அவன் உள்ளே திரும்பினான். படம் முடிந்து, மேடையில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். அவள் போனாள். பொன்னாடையை வாங்காமல் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"உந்தப் படத்திலை கிழிச்சு எரிச்சது, சாகக் கிடந்த என்ரை அம்மாவைப் பாத்து நான் கீறின படங்கள். என்னைக் கேக்கேல்லை. கேக்காமல்தான் துப்பினவை."

அறிவிப்பாளர் சட்டென்று ஒலிவாங்கியைப் பறித்தார். "கேட்டியளோ! பெற்ற தாயின்ரை நினைவையே கலைக்குக் குடுத்த ஒரு மகள்!" என்றார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாருமே எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி தட்டினாள். அந்தக் கைகளையெல்லாம் பார்க்கவே ஸ்ரெல்லாவுக்கு அருவருத்தது. இறங்கி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எரியாமல் மிஞ்சிய சில தாள்கள் ஒரு சொப்பிங் பையில் வந்துசேர்ந்தன. மூலைகளில் ஒட்டுநாடா பிசுபிசுத்தது. அம்மா அவற்றில் இல்லை.

படத்துக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. மருந்து வாங்க வருபவர்கள், "உங்கடை படம் பாத்து அழுதிட்டம் அக்கா," என்பார்கள். அவள் மாத்திரை உறையில் வேளையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டப்போவதாகச் சொல்லி அவளை விருந்தினராக அழைத்தது. "வரமாட்டன்," என்றாள்.

"அம்மாவை இன்னொருக்கால் கீறு பிள்ளை," என்று ஒருநாள் அப்பா கேட்டார். உட்கார்ந்தாள். நெற்றியும் மூக்கும் வந்தன. கண்ணுக்கு வந்ததும் அந்தச் சிவந்த எச்சில் வழிந்து இறங்கியது. பென்சிலை வைத்துவிட்டாள்.

எமில்ராஜ் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூக்கு சரி," என்றார்.