மூன்றாவது சட்டை

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மில்லிக்கனில் ஒரு தையல்கடை. யூசுப் நபியின் கதையை நான் படமாக்குகிறேன். கடைக்கார அன்ரியிடம் பட்டியலைக் கொடுக்கிறேன்: இரத்தம் பூசிய சட்டை, பின்னால் கிழிந்த சட்டை, மகனின் வாசத்தால் தகப்பனுக்குப் பார்வை திரும்பும் சட்டை.

"ஆரின்ரை அளவுக்குத் தைக்கிறது?"

"நபியைத் திரையில் காட்டமாட்டோம் அன்ரி. சட்டை மட்டும்தான்."

"அப்ப உடுப்புத்தான் நடிக்கப்போகுதோ?" சிரிக்கிறார். பிறகு பட்டியலை மறுபடி பார்க்கிறார். "புதுத்துணியிலை மகன்ரை வாசம் எப்பிடிப் பிள்ளை வரும்?"

"படத்தில் வாசம் தெரியாதே."

"சட்டையைத் தகப்பனிட்டைத் தூக்கிக்கொண்டு போறவனுக்குத் தெரியுமே."

மௌத்தாகி அடக்கம் செய்யப்பட்ட வாப்பாவின் துவைக்காத சட்டை என் பயணப் பெட்டியில் இருக்கிறது. அதை மூன்றாவதாகக் கொடுத்தால், படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில், பலர் கைபட்டு, மிச்ச வாசமும் போய்விடும்.

பட்டியலில் மூன்றாவதை வெட்டுகிறேன்.

"இரண்டு போதும் அன்ரி."