கஸ்பா பேட்டையில் ஒரு ஜெர்மன்காரி

செவ்வாய்க்கிழமை காலை மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் போன் இரண்டு முறை அடித்தது கேட்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தபோது, கஸ்பா பேட்டையிலிருந்து காய்கறிக்காரி சகுந்தலாபாய் பேசினாள். "அக்கா போயிட்டாங்க" என்று மராத்தியில் சொல்லிவிட்டு அழுதாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அக்கா புனேயில் ஒருவர்தான்.

உங்களில் பாதிப் பேருக்கு மார்த்தாக்காவை ஜெர்மன் டீச்சராகத் தெரியும். மகர்பட்டா, ஹடப்சர் பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போகக் காத்திருந்த நம் பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள். எனக்குத் தெரிந்த மார்த்தாக்கா வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புனேயின் இந்தக் கோடியில், கட்கியில் எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்து அறைக்கு, ஆறு மாதம் யோகா படிக்க என்று இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவர். வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். வயது நாற்பது இருக்கும்.

வந்த வாரமே பாதி இங்கிலீஷும் பாதிச் சைகையுமாக, இங்கே பேசுகிற பாஷையைக் கற்றுக்கொடு என்று கேட்டார். எங்கள் லைன் முழுவதும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள். நான் தமிழைக் கற்றுக்கொடுத்தேன், எழுத்தோடு. ஒரு வாரம் விளையாடிவிட்டு, இந்த ஊர்ப் பாஷை மராத்தி என்ற உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வெள்ளைக்காரி, "இன்னா செல்வி, சோறு துன்னியா?" என்று எங்கள் வேலூர்ப் பேச்சைப் பேசப் பேச, நிறுத்த மனசு வரவில்லை. பஸ்ஸில் வேறு மாதிரிப் பேசுகிறார்களே என்று ஒருநாள் கேட்டார். "அது பஸ்காரங்க பேச்சுக்கா" என்றேன். மூன்று மாதம் ஓடிவிட்டது.

பிறகு ஒருநாள் தனியாகப் பழைய ஊருக்குள், கஸ்பா பேட்டைச் சந்தைக்குப் போனார். சகுந்தலாபாயின் கடையில் நின்று, "கத்திரிக்கா இன்னா வெல?" என்று கேட்டிருக்கிறார். வரிசையிலிருந்த கடைக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவர் திரும்பி வரும்வரை நான் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தேன். பையோடு வந்து நின்றார்.

"அந்தம்மாக்கு ஒண்ணும் புரில. சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரெண்டு கத்திரிக்கா சும்மா குடுத்தாங்க" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ கெட்டவ செல்வி. ஆனா உன் பாஷை நல்லாருக்கு. அத வுடமாட்டேன். நாளைக்குப் போயி அவங்க பாஷையும் கத்துக்கறேன்."

சொன்னபடியே தினமும் போனார். மராத்தியும் வந்தது. சகுந்தலாபாய் குடியிருந்த பழைய மர வீட்டின் மாடியில் ஓர் அறையும் கிடைத்தது. ஆறு மாதம் என்பது வருடக்கணக்கானது. குழாயில் தண்ணீர் எப்போது வரும், கணபதி ஊர்வலத்துக்கு எந்தத் தெருவை அடைப்பார்கள் என்பதெல்லாம் அங்கே பிறந்தவர்களைவிட அவருக்குச் சரியாகத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று கேட்டால், "கஸ்பா பேட்டை" என்பார். அதற்கு முன்னால் என்று விடாமல் கேட்டால், "கட்கி" என்பார். அதற்கு மேல் வராது.

ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் கடைசி வகுப்பில் அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: "போன மறுநாளே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. தட்டாதவன் பத்து வருஷம் ஆனாலும் விருந்தாளிதான்."

ஆனால் இவ்வளவு இருந்தும் காகிதத்தில் அவர்தான் விருந்தாளி. வருடா வருடம் விசாவுக்கு அலைச்சல். கடைசியில் இந்தியக் குடியுரிமைக்கே எழுதிப் போட்டார். அவருடைய நடத்தைக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். எத்தனையோ படித்தவர்கள் இருக்க, நாலாம் வகுப்போடு நின்ற என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரி மராத்தியில் கேட்டார். "இந்த அம்மா இங்கேயே இருப்பதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?"

"திருப்பி அனுப்பிடுங்க சாகேப். பதினாலு வருஷமா என் உசுர வாங்கறாங்க" என்றேன். வீட்டில் கேலி பேசுகிற மாதிரியே வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "சாட்சிக்கு ஆட்சேபம்" என்று எழுதிப் பைலை மூடிவிட்டார்.

வெளியே வந்து அக்கா படியில் உட்கார்ந்தார். விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. ஜெர்மனியில் இருந்த ஒரே அண்ணனும் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோய்விட்டார். திரும்பிப் போனால் இறங்கி நிற்க ஒரு வாசல் கிடையாது. "எல்லாரும் நம்ம மாதிரி சிரிக்கமாட்டாங்க செல்வி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தமிழில் அக்காவைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதினேன். அக்காவையும் இழுத்துக்கொண்டு அதே அதிகாரியிடம் போனேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் படிக்க அங்கே யாரும் இல்லை. "நீங்களே மராத்தியில் சொல்லுங்கள்" என்று அக்காவிடம் கொடுத்தார்.

அக்காவுக்குக் கோபமே வராது என்று நான் எழுதியிருந்தேன். "மார்த்தாவுக்குக் கோபம் வரும். அடங்க ஒரு நாள் ஆகும்" என்று படித்தார். யாரோடும் சண்டை போட்டதில்லை என்று எழுதியிருந்தேன். "வீட்டுக்காரரோடு தண்ணீருக்காக மூன்று முறை சண்டை போட்டிருக்கிறாள்" என்று படித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அரே, நான் அப்படி எழுதல சாகேப்! மாத்திப் படிக்கிறாங்க!" என்று கத்தினேன்.

"இவள் எழுதியதுதான் பொய்" என்றார் அக்கா. "பொய்க் காகிதத்தை வைத்து நான் இந்த ஊர்க்காரி ஆகமாட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஆட்சேபம் என்று எழுதியிருந்ததை எங்கள் முன்னாலேயே அடித்தார்.

விசாவை நீட்டித்துக் கொடுத்தார்கள். குடியுரிமை வர அதற்கப்புறமும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று நேரே கட்கிக்கு வந்தார். "செல்வி, இனிமே உன்னால என்னைத் திருப்பி அனுப்ப முடியாது" என்று சொல்லி, என் கன்னத்தைக் கிள்ளினார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நாலு பக்கத்தை அவர் படித்த விதத்தைத்தான். ஒருவரைப் புகழ்ந்தால் உள்ளதோடு நிற்க வேண்டும். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வரச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் அக்கா கதவைத் திறக்கமாட்டார். எவ்வளவு தட்டினாலும் திறக்கமாட்டார். உங்களில் பலர் அந்த மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர்கள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் மாறிக் கஸ்பா பேட்டைக்கு நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. கதவு விரியத் திறந்திருந்தது.